மலை ஊர் நூலகத்தில் கணினி மூலை: கேட்டு வருபவரை வெறுங்கையோடு அனுப்பாமல் இருக்க

கிளை நூலகத்துக்கோ ஊர்ப்புற நூலகத்துக்கோ ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட ஒரு நாள் போதும். ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்க வந்த பெண் கையில் தாளோடு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கும்படி செய்து தருவதற்குத்தான் ஏற்பாடு வேண்டும். நீலகிரியில் கோத்தகிரி, குந்தா, பந்தலூர் பக்கத்துச் சிற்றூர்களில் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு வெகு நேரம் காத்திருக்க வேண்டிவரும். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. மலையில் அந்த விதியை முறிப்பவை ஈரமும் கரண்டும் சிக்னலும். நூலகருக்கும், வாசகர் வட்டத்தாருக்கும், சனி ஞாயிறில் உதவிக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் பயன்படும்படி இந்தக் குறிப்பு.

வாங்குவதற்கு முன் ஒரு நோட்டு

"என்ன தொழில்நுட்ப வசதி வேண்டும்?" என்று படிவம் கொடுத்துக் கேட்காதீர்கள். எங்கேயோ கேள்விப்பட்டதை எழுதிவிட்டுப் போவார்கள், அவர்களுக்கு அன்றாடம் தேவைப்படுவது அதில் வராது. மேசையில் ஒரு நீள நோட்டு வையுங்கள். ஒரு மாதம் முழுவதும் யார் எதைக் கேட்டு வந்தாலும் ஒரு வரி: தேதி, கேட்டது, நடந்ததா இல்லையா, நடக்கவில்லை என்றால் ஏன். பெயர் எழுத வேண்டாம். "பிரிண்ட், தாள் சிக்கியது", "போட்டோ சைஸ் குறைக்க, ஆள் இல்லை", "ஓடிபி வரவில்லை" என்று அவர்கள் சொன்ன மாதிரியே எழுதினால் போதும். 'ஏன்' என்ற அந்தக் கடைசிக் குறிப்புதான் முக்கியம். நூறு பேருக்கு எதனால் வேலை நடக்கவில்லை என்று அது காட்டிவிடும்.

நூலகத்துக்கு வராதவர்கள் இந்த நோட்டில் வர மாட்டார்கள். அவர்களைப் பச்சைத் தேயிலை எடை போடும் இடத்திலும் ரேஷன் கடையிலும் பார்த்து இரண்டே கேள்வி கேளுங்கள். கடைசியாக ஒரு பிரிண்டோ ஸ்கேனோ எங்கே எடுத்தீர்கள்? பஸ்ஸுக்கும் சேர்த்து எவ்வளவு ஆயிற்று? இந்த இரண்டுக்கும் உண்மையான பதில் கிடைக்கும். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் கீழே இறங்கி வரும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் வந்து சேரும்போது நூலகம் பூட்டியிருந்தால் எந்த மெஷின் இருந்தும் பயனில்லை.

இப்படிக் குறித்தால் பெரும்பாலும் மேலே வந்து நிற்பவை இவை: பிரிண்ட், ஜெராக்ஸ், ஸ்கேன், தேர்வு விண்ணப்பம், போட்டோவையும் கையெழுத்தையும் சரியான அளவுக்குக் கொண்டுவருவது, தமிழில் மனு டைப் செய்வது, போன் சார்ஜ், வைஃபை. சிறு தேயிலை விவசாயிகள் தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலையைப் பார்க்கக் கேட்பார்கள். அதை அறிவித்த அன்றே தாளில் பெரிதாக எழுதி வாசலில் ஒட்டிவிட்டால் அவர்கள் கம்ப்யூட்டருக்காகக் காத்திருக்க வேண்டியதே இல்லை.

பிரிண்டர்: மலையில் தாள்தான் முதல் எதிரி

கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர், மேலே ஸ்கேனர் உள்ளதாக, ஒன்று போதும். மை தெளிக்கும் இங்க்ஜெட் வகை வேண்டாம். பத்து நாள் விடுமுறை வந்தால் அதன் தலையில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்ய ஓட்டுகிற ஒவ்வொரு முறையும் மையைத்தான் செலவழிக்கிறோம். ஏற்கெனவே இங்க்ஜெட் இருக்கிறது என்றால், வாரம் ஒரு கலர் பக்கம் தவறாமல் எடுத்துவிடுங்கள்.

சிறிய லேசர் பிரிண்டருக்கான டோனரின் (மைத்தூள் குப்பியின்) பெட்டியில் 1,500 பக்கம் என்று போட்டிருந்தால், அது பக்கத்தில் 5 சதவீதம் மட்டும் மை படும் கணக்கு. படமும் கறுப்புப் பட்டையும் உள்ள ஹால் டிக்கெட்டுக்கு அந்தக் கணக்கு செல்லாது. அதைப் பார்த்தே தாளுக்கு விலை வையுங்கள். கட்டணம் வாங்குவதானால் மாவட்ட நூலக அலுவலரிடம் எழுத்தில் அனுமதி பெற்று, ரசீது போட்டு, விலையைச் சுவரில் எழுதி வையுங்கள். விலை தெரியாத இடத்தில் கேட்கவே கூச்சப்படுகிறவர்கள் நிறைய.

இனி ஈரம். ஜூன், ஜூலையில் கூடலூர், பந்தலூர் பக்கமும், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி பக்கமும் தாள் தொட்டாலே துவண்டு கிடக்கும். லேசர் பிரிண்டர் மின்னூட்டத்தால் தூளைத் தாள்மேல் ஒட்டவைத்து, பிறகு 180 டிகிரிக்கு மேல் சூடான உருளையில் உருக்குகிறது. ஈரத் தாளில் மின்னூட்டம் நிற்காமல் கசிந்துவிடுவதால் எழுத்து திட்டுத் திட்டாக வெளுக்கும். சூடான உருளைக்குள் போனதும் தாளிலுள்ள ஈரம் ஆவியாகி, தாள் சுருண்டு உள்ளேயே சிக்கும். "பிரிண்டர் ரிப்பேர்" என்று சொல்லி மூலையில் கிடப்பதில் பாதி, உண்மையில் தாளின் குற்றம்.

செய்ய வேண்டியது இது. 500 தாள் கட்டை ஒரே அடியாகப் பிரித்துத் தட்டில் அடுக்காதீர்கள். அன்றைக்குத் தேவையான 50 தாளை மட்டும் எடுத்து, மீதியை அதன் மேலுறையோடு இறுக்கி மடித்து, மூடி அழுந்தும் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் நான்கைந்து உள்ளே போடுங்கள். நிறம் மாறும் வகையாக இருந்தால், மாறியதும் மிதமான சூட்டில் உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். மாலையில் தட்டில் மிஞ்சிய தாளையும் டப்பாவுக்குள் திரும்பப் போட வேண்டும். டப்பா தரையில் இருக்கக் கூடாது, வெளிச்சுவரை ஒட்டியும் இருக்கக் கூடாது. 75 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 75 கிராம்) தாள் வாங்குங்கள். அதைவிட மெல்லிய தாள் மழைக்காலத்தில் அதிகம் சிக்கும்.

ஜனவரி உறைபனிக் காலையில் பிரிண்டர் சில்லென்று இருக்கும்போது, ஹீட்டர் போட்டோ ஆட்கள் நிறைந்தோ அறை சட்டெனச் சூடானால் உள்ளே நீர் பூத்துவிடும். சுவிட்ச் போட்டு அரை மணி நேரம் விட்டு, இரண்டு வெற்றுத் தாளை ஓட்டிய பிறகு வாசகரின் தாளை எடுங்கள். தாள் சிக்கினால் அது போகும் திசையிலேயே, இரண்டு கையாலும், மெதுவாக இழுக்க வேண்டும். எதிர்த்திசையில் இழுத்தால் கிழிந்த துண்டு உள்ளே தங்கி, அடுத்த பத்துத் தாளையும் சிக்க வைக்கும்.

வாசகரின் ஃபைல் நம்மிடம் தங்கக் கூடாது

இந்த இடத்தில் கொஞ்சமும் தளர்வு கூடாது. நூலகத்துக்கென ஒரு வாட்ஸ்அப் எண் வைத்து "இதுக்கு அனுப்புங்க" என்று சொல்வது சுலபம். ஆறு மாதத்தில் அந்த போனில் ஊரின் பாதி ஆதாரும் பேங்க் பாஸ்புக்கும் சேர்ந்திருக்கும். போன் ஒரு நாள் தொலைந்தால் யாருக்குப் பதில் சொல்வது?

நல்ல வழி யூஎஸ்பி கேபிள். டைப்-சி ஒன்று, மைக்ரோ ஒன்று, மேசையிலேயே கட்டி வையுங்கள். சொருகியதும் கம்ப்யூட்டரில் போன் தெரியவில்லை என்று பதறுவார்கள். ஆண்ட்ராய்டு போன் தானாகவே "சார்ஜிங் மட்டும்" என்ற நிலையில் நிற்கும். போன் திரையை மேலிருந்து இழுத்து, யூஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு, "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்பதைத் தேர்ந்தால் திறந்துகொள்ளும். போன் பூட்டியிருந்தாலும் ஒன்றும் தெரியாது. காப்பி எடுக்காமல் அங்கிருந்தே திறந்து பிரிண்ட் கொடுங்கள்.

ஃபைல் மெயிலில் இருக்கிறது என்றால் குரோமின் வலது மேல் மூலையில் உள்ள உருவத்தைத் தொட்டு "கெஸ்ட்" சன்னலைத் திறந்து, அதில் அவர்களே உள்ளே போகட்டும். சன்னலை மூடியதும் லாகின் அழிந்துவிடும். ஆனால் டவுன்லோடு ஆன ஃபைல் அழியாது, அதை ஷிஃப்ட்டும் டெலிட்டும் சேர்த்து அழுத்தி நீக்க வேண்டும். மறந்துபோவதற்குக் காப்பாக விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், ஸ்டோரேஜ் சென்ஸ் என்று போய், டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் ரீசைக்கிள் பின்னையும் ஒரு நாளுக்கு ஒருமுறை காலி செய்யும்படி வைத்துவிடுங்கள்.

பலரும் கவனிக்காத ஓட்டை ஒன்று இருக்கிறது. தாள் தீர்ந்தோ சிக்கியோ நின்றுபோன பிரிண்ட், வரிசையிலேயே காத்திருக்கும். மறுநாள் யாரோ தாள் போட்டதும் முந்தின நாள் வந்தவரின் ஆதார் முன்பின் தெரியாதவர் கையில் வந்து விழும். வாசகர் கிளம்பும் முன் பிரிண்டர் வரிசையைத் திறந்து, காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். "கேன்சல்" கொடுத்தும் போகாமல் அடம் பிடித்தால், விண்டோஸின் சர்வீசஸ் பட்டியலில் "பிரிண்ட் ஸ்பூலர்" (பிரிண்ட் வரிசையை நடத்தும் புரோகிராம்) என்பதை நிறுத்தி, விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32-க்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் ஃபோல்டரில் இருப்பதை அழித்து, ஸ்பூலரை மறுபடி தொடங்குங்கள்.

வீணாய்ப் போன ஆதார் பிரிண்டை மறுபக்கம் எழுதப் பயன்படுத்த வேண்டாம். கிழித்துப் போடுங்கள்.

இ-ஆதார் பிடிஎஃப் பாஸ்வேர்டு கேட்கிறது என்று தினமும் யாராவது வருவார்கள். ஆதாரில் உள்ள ஆங்கிலப் பெயரின் முதல் நான்கு எழுத்து, எல்லாம் பெரிய எழுத்தில், பிறகு பிறந்த வருடம். சுரேஷ்குமார், 1990 என்றால் எஸ், யு, ஆர், இ, 1990. பெயருக்கு முன் இனிஷியலும் புள்ளியும் இருந்தால் அந்தப் புள்ளியும் நான்கில் ஒன்று. நம் ஊரில் பலருக்கும் திறக்காமல் போவது இதனால்தான். இடைவெளியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

போட்டோ, கையெழுத்து, விண்ணப்பம்

டிஎன்பிஎஸ்சி போன்ற தேர்வுகளில் போட்டோவுக்கு 20 முதல் 50 கேபி, கையெழுத்துக்கு 10 முதல் 20 கேபி என்று கேட்பது வழக்கம். அந்தந்த அறிவிப்பில் இருக்கும் அளவைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். 3.5-க்கு 4.5 சென்டிமீட்டர் போட்டோ, 200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 200 புள்ளி) என்றால் 276-க்கு 354 பிக்சல். பெயின்ட்டில் திறந்து, முதலில் அந்த விகிதத்துக்கு வெட்டி, பிறகு "ரீசைஸ்" போய் பிக்சல் அளவைக் கொடுத்து, ஜேபெக்காகச் சேமியுங்கள். வெட்டாமல் அளவை மட்டும் மாற்றினால் முகம் இழுத்த மாதிரி ஆகி, விண்ணப்பம் தள்ளுபடியாகக்கூடும். ஃபைல் 20 கேபிக்குக் குறைந்துபோனாலும் ஏற்காது. அப்போது பிக்சலைக் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

கையெழுத்துக்குக் கோடு போடாத வெள்ளைத் தாள், கறுப்பு மை. தபால்தலை அளவில் குறுக்கிப் போடச் சொல்லாமல் வழக்கமான அளவிலேயே போடச் சொல்லி ஸ்கேன் செய்து, ஓரத்தை நெருக்கி வெட்டுங்கள். வாட்ஸ்அப்பில் "போட்டோ"வாக வந்த படம் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். வீட்டிலிருந்து அனுப்பச் சொல்லும் நிலை வந்தால் "டாக்குமென்ட்"டாக அனுப்பச் சொல்லுங்கள். சான்றிதழ்களை 200 டிபிஐ, சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்தால் படிக்கவும் முடியும், ஃபைலும் பெருக்காது.

விண்ணப்பத்தைத் தொடங்கும் முன் ஓடிபி வரும் போன் கையில் இருக்கிறதா, அதில் சிக்னல் இருக்கிறதா என்று பாருங்கள். கனமான கல் சுவர்க் கட்டடங்களில் உள்ளே ஒரு கோடும் இருக்காது. ஆதார் ஓடிபி பத்து நிமிடத்தில் காலாவதியாகும். அதற்குள் வெளியே ஓடி, சிக்னல் பிடித்து, திரும்பி வந்து அடிப்பதற்குள் பக்கமே போய்விடும். போன் சிக்னல் நன்றாக எட்டும் சன்னலைக் கண்டுபிடித்து, கம்ப்யூட்டரை அங்கே நகர்த்துங்கள். மேசையை அறையின் அழகு பார்த்துப் போடுவதைவிட இது பெரிய உதவி.

டிஎன்பிஎஸ்சி ஒருமுறைப் பதிவுக்கு 150 ரூபாய், ஐந்து ஆண்டு செல்லும். முன்பு பதிந்தது நினைவில்லாமல் மறுபடி பணம் கட்ட உட்காருவார்கள். பழைய எண்ணை மீட்க முடிகிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். உதவுகிறவர் மௌஸைக் கையில் வாங்கக் கூடாது, பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். பாஸ்வேர்டையும் ஓடிபியையும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. எழுதப் படிக்கச் சிரமப்படும் பெரியவருக்கு நாமே அடித்துக் கொடுக்க வேண்டியிருந்தால், அவர் திரையைப் பார்க்கும்படி உட்காரவைத்து, ஒவ்வொரு வரியையும் படித்துக் காட்டி, "சரிங்களா ஐயா?" என்று கேட்ட பிறகே சமர்ப்பியுங்கள்.

தமிழில் அடிப்பது

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் 99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் போய், தமிழைச் சேர்த்து, அதன் ஆப்ஷன்ஸில் "ஆட் எ கீபோர்டு" கொடுத்தால் பட்டியலில் வரும். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலமும் தமிழும் மாறும். விசைப்பலகைப் படம் ஒன்றைப் பெரிதாக அச்செடுத்துத் திரைக்குக் கீழே ஒட்டுங்கள்.

உயிர் இடது கைக்கு, மெய் வலது கைக்கு. அம்மா என்று வர அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும், புள்ளி தானாக விழும். ந்த, ங்க, ம்ப போன்ற இன எழுத்துகளுக்கும் அப்படியே. பள்ளிப் பிள்ளைகள் சில நாளில் பிடித்துக்கொள்வார்கள். டைப் தெரியாதவர் போனில் தமிழில் பேசி எழுத்தாக்கி, அதைத் தனக்குத்தானே மெயில் செய்து இங்கே திறந்து திருத்திக்கொள்ளலாம். மனு எழுத வரும் பாட்டிமார்களுக்கு இதுதான் வசதி.

கூடலூர், பந்தலூர் பக்கம் மலையாளமும் கன்னடமும் கேட்பார்கள். அதே இடத்தில் அவற்றையும் சேர்த்து வையுங்கள்.

பழைய வானவில், பாமினி எழுத்துருவில் அடித்த ஃபைலைக் கொண்டுவந்தால் திரையில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். ஃபைல் கெட்டுப்போகவில்லை, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துக்கு மாற்றினால் சரியாகும். மாற்றிய பிறகு ஒருமுறை முழுக்கப் படித்துப் பாருங்கள். எண்களும் நிறுத்தக்குறிகளும் சில சமயம் இடம் மாறியிருக்கும்.

நூல் பட்டியலிலும் இதே சிக்கல் வேறு உருவில் வரும். "கொ" என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியாகவும் அடிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் அடிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், தேடுபொறிக்கு வேறு வேறாகப் படலாம். "கௌ"வில் ஔகாரக் குறிக்குப் பதில் ள எழுத்தைப் போட்டுவிடுவதும் உண்டு. புத்தகம் அலமாரியில் இருந்தும் "இல்லை" என்று வந்தால், முதலில் இதைச் சந்தேகியுங்கள். பட்டியலில் பதிவது எல்லோரும் ஒரே விசைப்பலகையில் அடிக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் புதிதாகப் பிழை சேராது.

கரண்டும் நெட்டும்

காற்று மழையில் ஒரு சீகை மரம் லைன்மேல் சாய்ந்தால் நாள் முழுக்கக் கரண்ட் இருக்காது. கரண்ட் போனதும் பேட்டரியில் ஓட்டும் யூபிஎஸ் 600 விஏ என்றால் சுமார் 360 வாட் தாங்கும். உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி, அதாவது 84 வாட்-அவர். 100 வாட் இழுக்கும் டெஸ்க்டாப்பும் மானிட்டரும் அதில் கால் மணி நேரம் ஓடினால் பெரிது. விண்ணப்பத்தை முடித்துச் சேமிக்க அது போதும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். புதிதாக வாங்குவதானால் மலைக்கு லேப்டாப்தான் சரி. அதன் பேட்டரியே மணிக்கணக்கில் நிற்கும். திருட்டுக்குப் பயந்தால் மேசையோடு பூட்டும் கேபிள் போடுங்கள்.

லேசர் பிரிண்டரை யூபிஎஸ்ஸில் சொருகவே கூடாது. உருளை சூடாகும் நொடியில் 600 வாட்டுக்கு மேல் இழுத்து யூபிஎஸ்ஸை அணைத்துவிடும், கூடவே கம்ப்யூட்டரும் போகும்.

நெட் கேபிள் அறுந்தால் நாள்கணக்கில் ஆகும். சிம் போடும் 4ஜி ரௌட்டர் ஒன்று மாற்றாக இருக்கட்டும். எந்த நிறுவனத்தின் சிம் என்பதை விளம்பரம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாசகர்களின் போன்களை வாங்கி அதே சன்னலில் வைத்து, செட்டிங்ஸில் சிம் நிலை பகுதியில் டிபிஎம் என்று காட்டும் சிக்னல் அளவைப் பாருங்கள். மைனஸ் 100-ஐவிடச் சுழியத்துக்கு நெருங்கியிருந்தால் நல்லது, மைனஸ் 115-க்குக் கீழே போனால் அந்த சிம் வேண்டாம். கம்ப்யூட்டரில் அந்த இணைப்பை "மீட்டர்டு" (டேட்டாவுக்கு அளவு உண்டு) என்று குறித்துவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் அப்டேட் ஒரே மாலையில் டேட்டாவைத் தின்றுவிடும்.

வாசகருக்கான வைஃபையை ரௌட்டரின் கெஸ்ட் பகுதியில் தனிப் பெயரில் வையுங்கள். பாஸ்வேர்டை மாதம் ஒருமுறை மாற்றிப் பலகையில் எழுதுங்கள். நூலகம் மூடிய பிறகும் படிக்கட்டில் உட்கார்ந்து பிள்ளைகள் பயன்படுத்தட்டும் என்று விட்டுவைப்பது சமவெளியில் நல்ல யோசனைதான். குன்னூரிலும் கோத்தகிரியிலும் இருட்டியதும் காட்டெருமையும் கரடியும் தெருவுக்கு வருகின்றன. வைஃபை பொழுது சாய்வதற்குள் தானாக அணையும்படி நேரம் வையுங்கள். கேட்கிறவர்களுக்குக் காலையில் சீக்கிரம் திறந்து கொடுக்கலாம்.

ஏப்ரல், மே இடிமழையில் பிளக்கைப் பிடுங்கிவைப்பது ஒன்றே காப்பு. கண்ணாடி இழை கேபிள் வழியாக மின்னல் இறங்காது, ரௌட்டரின் அடாப்டர் வழியாக இறங்கும்.

நீண்ட விடுமுறைக்குப் பின் திறந்ததும் எல்லா இணையதளமும் "பாதுகாப்பற்றது" என்று மறித்தால், நெட்டைச் சந்தேகிக்கும் முன் கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள். பழைய வருடம் காட்டினால் உள்ளே உள்ள காசு பேட்டரி, சிஆர்2032, தீர்ந்திருக்கும். புதியது போட்டுத் தேதியைச் சரிசெய்தால் போதும்.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

கூடலூர்ப் பக்கம் மே மாதத்திலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் செப்டம்பரிலும் ஒரு நாள் ஒதுக்குங்கள். மேசையைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டு, கேபிள் எதுவும் தரையில் படாமல் தூக்கிக் கட்டுங்கள். மழை மாதங்களில் வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினம் ஒரு மணி நேரம் மெஷினை ஓடவிடுங்கள், அந்தச் சூடே ஈரத்தை விரட்டும். பிளாஸ்டிக் உறை மாட்டினால் ஈரம் உள்ளேயே தங்கும், பருத்தித் துணியால் மூடுங்கள். ஸ்கேனர் கண்ணாடியில் பூஞ்சைப் புள்ளி இருந்தால் ஒவ்வொரு சான்றிதழிலும் அது கறையாக விழும், உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள். வாசகர் வட்டத்தில் யாராவது மேட்டுப்பாளையம் போகும்போதே ஒரு டோனரும் இரண்டு கட்டுத் தாளும் வாங்கி வரச் சொல்லுங்கள். மண் சரிந்து குன்னூர் மலைப்பாதை அடைபட்டால் மேலே கிடைப்பது அரிது. அந்த வாரத்திலும் யாராவது ஒரு மாணவி ஹால் டிக்கெட்டோடு வருவாள்.